ஹில்டன் ஆஃப் கேட்போல் கல்: மேல்பாதி எடின்பரோவில், அடிப்பாதி கடலோரத்தில். எங்கே இருக்க வேண்டும்?

வடகடலோடி எழுதியது:

ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில், இன்வர்னஸுக்கும் மேலே, டார்பட் தீபகற்பத்தின் ஓரமாக ஷாண்ட்விக், பாலின்டோர், ஹில்டன் என்று ஒட்டினாற்போல் மூன்று மீனவர் ஊர்கள் இருக்கின்றன. ஹில்டனைத் தாண்டியதும் கடலோரப் புல்வெளியில் புனித மரியாள் சிற்றாலயம் இடிந்து கிடக்கிறது. சுவர் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை, புல் மூடிய அடித்தள மேடுதான். பக்கத்தில் ஆளுயரத்தை மிஞ்சிய செதுக்குக் கல் ஒன்று நிற்கிறது. அது பேரி குரோவ் என்ற சிற்பி செதுக்கிய நகல். 2000இல் நட்டார்கள், அதன் சிலுவைப் பக்கம் அதற்குப் பிறகுதான் முடிந்தது.

அசல் கி.பி. 800ஐ ஒட்டி பிக்டுகள் செதுக்கியது. அதன் பெரிய மேல்பகுதி எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடிப்பகுதி பாலின்டோர் ஊர் மண்டபத்தில். ஆயிரக்கணக்கான சில்லுகள் மறுபடியும் அருங்காட்சியகத்தில். ஒரே கல்லை இப்படிப் பிரித்து வைத்திருக்கிறோம்.

மேல்பகுதி அந்தக் கரைக்குத் திரும்ப வேண்டும் என்பது என் கட்சி. எதிர்க்கருத்து உள்ளவர்கள் தாராளமாக வாருங்கள். அதற்கு முன் கல்லின் கதை.

17ஆம் நூற்றாண்டில் கல் அடியில் முறிந்து விழுந்தது. ஒரு பக்கம் பெரிய சிலுவை, மறுபக்கம் வேட்டைக் காட்சி. 1676இல் சிலுவைப் பக்கத்தை முழுதாகச் செதுக்கித் தள்ளிவிட்டு, அலெக்சாண்டர் டஃப் என்பவருக்கும் அவருடைய மூன்று மனைவியருக்கும் கல்லறை வாசகம் வெட்டினார்கள். நன்றாக வாழ்பவன் நன்றாகச் சாவான் என்று சாலமோன் சொன்னதாக அதில் இருக்கிறது. 1860களில் நிலக்கிழார் குடும்பம் கல்லைத் தங்கள் இன்வர்கோர்டன் மாளிகைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனது. 1921இல் அந்தக் குடும்பத்தின் மக்லியாட் அதை லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். ஸ்காட்லாந்தில் பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. கல் லண்டன் போய்ச் சேர்ந்தும் அங்கே நிலைக்கவில்லை, எடின்பரோவுக்குத் திரும்பிவிட்டது. அன்றிலிருந்து அங்கேதான்.

---

செம்பருத்தி எழுதியது:

அண்ணா, பிக்டுகள் யார் என்று இரண்டு வரி சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அந்த வேட்டைக் காட்சியையும் விவரமாக எழுதுங்கள். படத்தில் பார்த்தால் ஒன்றன்மேல் ஒன்றாகக் குதிரைகளாகத் தெரிகிறது, எது யார் என்று பிடிபடவில்லை.

---

வடகடலோடி எழுதியது:

செம்பருத்தி, ஃபோர்த் கழிமுகத்துக்கு வடக்கே ஸ்காட்லாந்தின் கிழக்குப் பாதியை ஆண்ட மக்கள் பிக்டுகள். 297இல் ஒரு ரோமானியப் புகழுரையில் இந்தப் பெயர் முதலில் வருகிறது. 685இல் பிரிடெய் என்ற அவர்களின் அரசன், இன்றைய வட இங்கிலாந்தில் இருந்த நார்தம்பிரிய அரசின் படையை முறியடித்து அதன் மன்னனைக் கொன்றான். 9ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு கேலிக் பேசும் அரசுக்குள் கரைந்துபோனார்கள். அவர்கள் கையால் நமக்குக் கிடைத்ததில் பெரும்பங்கு இந்தக் கற்கள்தான். வெறும் குறிகள் மட்டும் பொறித்த கற்கள் முதல் வகை. ஒரு பக்கம் சிலுவையும் கூடவே பிக்டுக் குறிகளும் இருப்பவை இரண்டாம் வகை. குறிகள் இல்லாத கிறித்தவக் கற்கள் மூன்றாம் வகை. 1903இல் வந்த பெரிய தொகுப்பு வகுத்துக்கொடுத்த பிரிவு இது. ஹில்டன் கல் இரண்டாம் வகை.

இப்போது கல்லுக்கு வருகிறேன். எடின்பரோவில் உள்ள பகுதி மட்டுமே இரண்டு மீட்டருக்கு மேல் உயரம், கிட்டத்தட்ட 1.4 மீட்டர் அகலம். மணற்கல். சுற்றிலும் அகலமான கரை. அதில் திராட்சைக்கொடி சுருண்டு சுருண்டு ஏற, ஒவ்வொரு சுருளிலும் ஒரு விலங்கோ பறவையோ உட்கார்ந்து பழத்தைக் கடிக்கிறது. மேல்விளிம்பில் கொடி நின்றுபோய், இரட்டை வட்டமும் அதை வெட்டிச் செல்லும் இசட் வடிவக் கோலும் வருகின்றன. உள்ளே மேல்கட்டத்தில் பிறையும் வி வடிவக் கோலும், அதன் கீழ் இரண்டு வட்டங்கள். கீழ்க்கட்டம் முழுக்கச் சுருள்கள்.

நடுக்கட்டம்தான் வேட்டை. மேலே இடப்பக்கம் ஒரு பெண், குதிரைமேல் பக்கவாட்டில் உட்கார்ந்து முகத்தை நேராக நம் பக்கம் திருப்பியிருக்கிறாள். காட்சியில் மற்ற எல்லோரும் பக்கவாட்டில் தெரிய, அவள் ஒருத்திதான் நேர்முகம். நெஞ்சில் பெரிய வளைய ஊசி, ஆடையைச் சேர்த்துக் குத்தியது. பக்கத்தில் கண்ணாடியும் சீப்பும். அவள் குதிரையை உற்றுப் பாருங்கள்: முகத்தின் கோட்டை ஒட்டியே இன்னொரு கோடு ஓடும். அவளுக்கு அப்பால் இன்னொருவன் தன் குதிரையில் கூடவே வருகிறான். அவன் மூக்கும் குதிரையின் விளிம்பும் மட்டும் எட்டிப் பார்க்கின்றன. உங்களுக்குக் குழப்பம் தந்தது இந்த இடம்தான். ஒரு விரல் அகலத்துக்குள் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று ஆழம் காட்டிவிட்டார் அந்தச் சிற்பி.

வலப்பக்கம் இரண்டு பேர் நீண்ட எக்காளம் ஊதுகிறார்கள். கீழே ஈட்டியும் கேடயமும் ஏந்திய குதிரை வீரர்கள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு மான் ஓட, வேட்டை நாய்கள் அதன்மேல் பாய்ந்து கவ்வுகின்றன.

---

கல்தச்சன் எழுதியது:

நான் கருங்கல்லில் வேலை பார்ப்பவன். தொழில்கண்ணோடு ஒன்று சொல்ல வேண்டும்.

இந்தப் புடைப்பு ரொம்பத் தாழ்வானது. ஆழமாகத் தோண்டி உருவத்தைத் தூக்கி நிறுத்தவில்லை. விளிம்பைச் சுற்றி மெல்லப் பொளிந்து, தரையைத் தாழ்த்தி, உருவத்தைத் தட்டையாகவே விட்டிருக்கிறார்கள். இதில் தப்புக்கு இடமே கிடையாது. ஆழமான சிற்பத்தில் ஒரு சில்லு கூடுதலாகப் போனால் உள்ளே தள்ளிச் சமாளிக்கலாம். இங்கே எடுப்பதற்குக் கல்லே இல்லை. குதிரைக்குப் பின் குதிரை என்ற அந்த இரட்டைக் கோட்டை முதலில் கல்மேல் வரைந்து, பார்த்து, திருத்தி, அப்புறம்தான் உளி வைத்திருக்க முடியும். கை ஓட்டத்தில் வருகிற வேலை இல்லை அது.

இன்னொன்று. சிலுவையைப் பெயர்த்தவன் கல்லைப் படுக்கப் போட்டு, முனையுளியால் ஒரு ஓரத்திலிருந்து வரிசையாகக் கொத்திக்கொண்டு வந்திருப்பான். மணற்கல் பொடியாகாது, தட்டுத்தட்டாகப் பெயரும். பெயர்ந்த தட்டிலேயே செதுக்கல் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சில்லுகளை யாராவது தேடினார்களா?

---

வடகடலோடி எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்னது அச்சு அசலாக நடந்தது.

1998இலும் 2001இலும் சிற்றாலயத்தின் மேற்குச் சுவருக்கு வெளியே தோண்டினார்கள். செதுக்கல் உள்ள சில்லுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன, சிலுவைப் பக்கத்தின் பின்னல் வேலை, விலங்கு, மனித உருவம் எல்லாவற்றின் துணுக்குகளும். கொத்தியவர்கள் அவற்றை வேறெங்கும் அள்ளிப் போகவில்லை. கல் கிடந்த இடத்திலேயே மண்ணோடு மண்ணாக விட்டுப் போயிருக்கிறார்கள். 2001இல் அதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு: முறிந்த அடிப்பகுதி நட்ட இடத்தில் நட்டபடியே நின்றது. அதன் ஒரு பக்கத்தில் சிலுவையின் படிவைத்த பீடம், மறுபக்கத்தில் திராட்சைக்கொடியின் அடித்தண்டு.

அந்தக் குழியை ஆராய்ந்ததில், அது கல்லின் முதல் இருப்பிடம் இல்லை என்றும் தெரிந்தது. ஏற்கெனவே ஒருமுறை அடிமுளை உடைந்து, கல்லை மறுபடி நட்டிருக்கிறார்கள். செதுக்கிய பல தலைமுறைக்குப் பின்னும் அதைத் தூக்கி நிறுத்துவதற்கு அங்கே ஆள் இருந்திருக்கிறது.

சில்லுகளின் முப்பரிமாணப் படங்களை அருங்காட்சியகம் இணையத்தில் போட்டு, பொதுமக்களையே பொருத்திப் பார்க்கச் சொன்னதும் உண்டு. நகலின் சிலுவைப் பக்கம் முழுமையாக நிற்பதற்கு இந்த அகழாய்வுதான் ஆதாரம்.

---

சீர்திருத்தன் எழுதியது:

1676 என்றால் ஸ்காட்லாந்தில் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தம் வேரூன்றிய காலம். சிலுவையைப் பெயர்த்தது சிலை உடைப்பு மனப்பான்மை என்று நேராகவே சொல்லலாமே. கல்லறை வாசகம் வெறும் சாக்கு. வேட்டைப் பக்கத்தை ஏன் தொடவில்லை? அதில் சிலுவை இல்லை, அதனால்தான்.

---

வடகடலோடி எழுதியது:

அந்தக் காரணம் கலந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் சீர்திருத்தம் ஸ்காட்லாந்தில் சட்டமானது 1560இல். நூறு வருடத்துக்கு மேல் அந்தச் சிலுவையை யாரும் தொடவில்லை. பக்கத்து ஊர் ஷாண்ட்விக்கில் இன்னும் பெரிய சிலுவைக் கல் நின்ற இடத்தில் நின்றது. 1846இல் புயலில் விழுந்து உடைந்ததே தவிர, எந்த மதக்காரரும் அதைக் கொத்தவில்லை. பக்கத்திலுள்ள நிக் என்ற ஊரின் தேவாலயத்தில் இருக்கும் கல்லிலும் சிலுவை அற்புதமாகப் பிழைத்திருக்கிறது. புனிதர்கள் பவுலும் அந்தோணியும் பாலைவனத்தில் குனிந்து நிற்க, மேலேயிருந்து பறவை அப்பம் கொண்டுவரும் காட்சியும் அதில் இருக்கிறது.

விழுந்து கிடந்த பெரிய, தட்டையான கல். கல்லறைப் பலகைக்கு ஆசைப்பட்ட வசதியான குடும்பம். அதுவே போதும். வேட்டைப் பக்கம் தப்பியதற்கும் பெரிய தத்துவம் வேண்டாம். வாசகத்துக்கு ஒரு பக்கம் போதுமே.

---

குறிவாசகன் எழுதியது:

அந்தக் குறிகளைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லையே. பிறையும் வி கோலும், இரட்டை வட்டமும் இசட் கோலும் போன்ற குறிகள் ஸ்காட்லாந்தில் இருநூறுக்கு மேற்பட்ட கற்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. பெரும்பாலும் இரண்டிரண்டாக. ஆட்பெயர்கள் என்பது இன்று பலர் ஏற்கும் கருத்து.

நம் வாசகர்களுக்கு ஒரு செய்தி. 2009இல் சிந்துவெளிக் குறிகள் மொழியை எழுதியவைதாம் என்று காட்ட, குறிகளின் வரிசை எவ்வளவு ஒழுங்கானது, எவ்வளவு தாறுமாறானது என்று கணக்கிட்டு ஒரு கட்டுரை வந்தது. நம் ஐராவதம் மகாதேவனும் அதன் ஆசிரியர்களில் ஒருவர். அடுத்த வருடமே அதே கணக்கியல் கருத்தைக் கொண்டு பிக்டுக் குறிகளும் எழுத்துதான் என்று பிரிட்டனில் ஒரு குழு எழுதியது. இரண்டையும் சேர்த்தே மறுத்தார் ரிச்சர்ட் ஸ்ப்ரோட் என்ற கணினி மொழியியலாளர். வானிலைச் சின்னங்கள் போன்ற மொழியல்லாத குறிகளும் அந்தக் கணக்கில் தேறிவிடும் என்பது அவர் வாதம். சிந்துவெளிக்காக இங்கே மாதக்கணக்கில் சண்டை போட்டவர்கள் பிக்டுக் குறிகளையும் ஒருமுறை பார்க்க வேண்டும். அங்கே கற்கள் நின்ற இடம், காலம், கூட இருக்கும் படம் எல்லாம் கையில் இருக்கிறது.

உதாரணத்துக்கு இந்தக் கல்லே போதும். கண்ணாடியும் சீப்பும் பெண்ணைக் குறிக்கும் என்று பலர் சொல்வார்கள். மற்றக் கற்களில் அது ஊகம். ஹில்டனில் மட்டும் அந்தக் குறி ஒரு பெண்ணின் தோளை ஒட்டி நிற்கிறது.

---

செம்பருத்தி எழுதியது:

அந்தப் பெண் மரியாளாக இருக்கலாமா? ஆலயமே மரியாள் பேரில்தானே இருக்கிறது.

---

குறிவாசகன் எழுதியது:

சகோதரி, ஆலயம் கல்லைவிடப் பிற்காலத்தது, இடைக்காலத்தில் எழுந்தது. அதன் பெயரைக் கொண்டு கல்லை விளக்குவது சரிவராது. இசபெல் ஹென்டர்சன் போன்ற கலை வரலாற்றாளர்கள் காட்சியில் கிறித்தவச் சாயல் இருப்பதை அழுத்திச் சொல்கிறார்கள். சிலுவையின் மறுபக்கத்தில் திராட்சைக்கொடி வைத்தால் அது நற்கருணையை நினைவூட்டாமல் போகாது. அந்தக் கொடி நார்தம்பிரியக் கலையிலிருந்து வந்தது, திராட்சை விளையாத கரைக்கு. எனக்கு அவள் அந்நிலத்தை ஆண்ட குடும்பத்துப் பெண்ணாகவே படுகிறாள். ஊசியின் அளவைப் பாருங்கள். செல்வத்தைக் காட்டிச் செதுக்கியிருக்கிறார்கள்.

அதே தீபகற்பத்தின் வடக்கு முனையில் போர்ட்மஹோமக். 1994 முதல் மார்ட்டின் கார்வர் தலைமையில் யார்க் பல்கலைக்கழகம் அங்கே தோண்டி ஒரு பிக்டு மடாலயத்தையே வெளியே கொண்டுவந்தது. கன்றுத்தோலைப் பதப்படுத்தி எழுதுதோல் செய்த பட்டறை, உடைத்து நொறுக்கிய சிற்பங்கள், 800ஐ ஒட்டி எரிந்த தடயம். ஏட்டெழுத்துப் போலவே அழகாகப் புடைத்தெழும் லத்தீன் எழுத்தில் ஒருவர் நினைவாகச் சிலுவை எழுப்பியதைச் சொல்லும் கல்லும் அங்கே கிடைத்தது. லத்தீன் நன்றாகத் தெரிந்த துறவிகள் பக்கத்திலேயே இருந்தும், ஹில்டன் கல்லில் பழைய குறிகளை அவ்வளவு பெரிதாக வைத்திருக்கிறார்கள். குறிகளுக்கு இருந்த மதிப்பு அதில் தெரிகிறது.

---

வன்னியூராள் எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். நான் இன்வர்னஸ் பக்கம் இருக்கிறன். இந்தக் கரைக்குப் பிள்ளைகளோட அடிக்கடி போறனாங்கள்.

பாலின்டோர் மண்டபத்தில இருக்கிற அடிப்பாதியைப் பற்றி ஒருத்தரும் சரியாச் சொல்லேல்லை. அது மண்ணுக்குள்ள இருந்தபடியால் காத்தும் மழையும் அதைத் தொடேல்லை. கிட்டப் போய்ப் பார்த்தா வெட்டின கோடு இப்பவும் கூராத்தான் நிக்குது. எடின்பரோவில மேல்பாதியைப் பார்த்திட்டு இதைப் பார்க்கிறவைக்குத்தான் அந்த வித்தியாசம் விளங்கும். முழுக்கல்லும் புதுசா எப்பிடி இருந்திருக்கும் எண்டதை இந்தச் சின்னத் துண்டுதான் காட்டுது.

2001இல அது வெளிய வந்த நேரம் ஊர்ச்சனம் அதை வெளியூருக்கு விடமாட்டம் எண்டு நிண்டவை. ஷான் ஜோன்ஸ் எண்ட ஆய்வாளர் அந்த நேரம் ஊருக்குள்ளேயே இருந்து சனத்தோட கதைச்சு எழுதியிருக்கிறா. கல்லை ஒரு ஆளைப் போலத்தான் சனம் கதைக்கும்: இங்க பிறந்தது, இங்கத்தையது, வீட்டை வரவேணும் எண்டு. அந்த ஊர்களில கனபேரின்ர முன்னோர், நிலக்கிழார்மார் ஆடு வளர்க்கிறதுக்காகக் காணியளில இருந்து எழுப்பிவிட்ட ஆக்கள். கரைக்கு வந்து மீன்பிடிச்சுப் பிழைச்சவை. கல்லையும் ஒரு நிலக்கிழார்தான் தூக்கிக்கொண்டு போனவர். ரெண்டும் ஒரே கதை எண்டுதான் அவை நினைக்கினம். இடம்பெயர்ந்து வந்த எனக்கு அதை ஒருத்தரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

---

காப்பகத்தான் எழுதியது:

உணர்ச்சிக்கு மதிப்புக் கொடுத்தே மறுக்கிறேன். பழம்பொருள் பாதுகாப்புதான் என் வேலை.

மணற்கல்லுக்கு எமன் உப்புக்காற்றும் உறைபனியும். துளைக்குள் போன நீர் உறைந்து விரியும், உப்புப் படிகம் வளரும், மேல்தோல் உரியும். ஷாண்ட்விக் கல்லை 1980களில் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்தார்கள். அதற்குள் பல நூற்றாண்டுத் தேய்மானம் நடந்து முடிந்துவிட்டது. ஹில்டன் கல்லின் வேட்டைக் காட்சி இவ்வளவு தெளிவாக நமக்குக் கிடைத்திருப்பதற்கு, நூறு வருடமாக அது கூரைக்குக் கீழே இருப்பதும் ஒரு காரணம்.

இரண்டாவது, எடின்பரோவில் அது தனியாக இல்லை. ரோகார்ட்டில் கிடைத்த வெள்ளி ஊசியும், ஷெட்லாந்தின் புனித நினியன் தீவில் 1958இல் ஒரு பாழான ஆலயத்தின் தரைக்கடியில் கிடைத்த புதையலும் அதே கட்டடத்தில். கல்லில் அந்தப் பெண் குத்தியிருக்கும் ஊசியைப் பார்த்துவிட்டு நாலு எட்டு நடந்தால் அதே வகை ஊசியை வெள்ளியிலேயே பார்க்கலாம். ஆராய்ச்சிக்கு இது சாதாரண வசதியா? ஒவ்வொரு ஊரும் தன் பொருளைத் திரும்பக் கேட்டால் இப்படி ஒப்பிட்டுப் பார்க்க ஓர் இடமே இருக்காது.

---

வடகடலோடி எழுதியது:

காப்பகத்தாரே, உங்கள் இரண்டாவது வாதம் கனமானது. அந்த ஊசியும் இந்தக் கல்லும் ஒரே கூரையில் இருப்பதன் பலனை நானே அனுபவித்திருக்கிறேன்.

முதல் வாதம் மட்டும் என்னைக் கட்டுப்படுத்தாது. கல்லைப் புல்வெளியில் நட்டு மழையில் நனைய விடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. வெளியே நிற்க நகல் இருக்கிறது. அடிப்பகுதி கூரைக்குக் கீழே பத்திரமாக இருக்கிறது, அதுவும் ஓர் ஊர் மண்டபத்தில். நிக் கல் தேவாலயத்துக்குள் இருக்கிறது. 1998இல் அதன் ஒரு துண்டு பக்கத்து ஓடையில் கிடைத்தது, பின்னர் அதையும் சேர்த்தே சீர்செய்து அங்கேயே நிறுத்தியிருக்கிறார்கள். அந்தக் கரை தன் கற்களைப் பார்த்துக்கொள்ளும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

1921ஐ யோசியுங்கள். லண்டனில் பாதுகாப்பு இல்லையா, ஒப்பிட்டுப் பார்க்கப் பொருள் இல்லையா? உலகத்தின் பொருள் பாதி அங்கேதான் இருந்தது. அப்படியிருந்தும் எடின்பரோ அறிஞர்கள் இந்தக் கல் ஸ்காட்லாந்தின் மண்ணுக்குரியது என்று வாதாடி ஜெயித்தார்கள். அதே வாதத்தை ஹில்டன்காரர்கள் சொல்லும்போது மட்டும் அது உணர்ச்சிப் பேச்சு ஆகிவிடுமா?

கல்தச்சன் ஐயா கேட்ட சில்லுக் கேள்விக்கே திரும்பப் போங்கள். 1860களில் கல்லைத் தூக்கியவர்கள் அதன் பாதிச் சிற்பத்தைத் தரையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். மேல்பகுதியை எவ்வளவு நுணுகிப் பார்த்தாலும் சிலுவை எப்படி இருந்தது, எத்தனை முறை நட்டார்கள், எங்கே முறிந்தது என்று சொல்லவே முடிந்திருக்காது. அத்தனையையும் சொன்னது அது நின்ற மண். அந்த மண்ணையும் கல்லையும் ஒரே நாளில் பார்க்க ஒருவருக்கு வழி இருக்க வேண்டும். எடின்பரோவிலிருந்து அது ஒரு நாள் பயணத்தில் அடங்காது.

---

காப்பகத்தான் எழுதியது:

லண்டன் வாதத்துக்கு என்னிடம் நேரான பதில் இல்லை. இருந்தாலும் சட்டப்படி அது தேசியத் தொகுப்புக்குக் கொடுத்த பொருள். ஒரு கல்லுக்காக விலக்கு அளித்தால் ஷெட்லாந்துக்காரர்கள் நினியன் தீவுப் புதையலைக் கேட்பார்கள்.

---

வன்னியூராள் எழுதியது:

கேக்கட்டுமே. அவை கனகாலமாக் கேட்டுக்கொண்டுதானே இருக்கினம்.

---

கல்தச்சன் எழுதியது:

நகல் செய்த சிற்பி அந்த ஊரிலேயே இருந்து செதுக்கினாரா? ஒரு சிலுவையைச் சில்லுகளிலிருந்து மறுபடி கட்டி எழுப்புவது என்பது பெரிய வேலை. நேரில் பார்க்க எப்படிப் போவது?

---

வன்னியூராள் எழுதியது:

ஓம் அண்ணை, அந்தக் கரையிலதான் இருந்து செய்தவர். வேலை நடக்கேக்க ஊர்ச்சனம் போய்ப் போய்ப் பார்த்ததாம்.

வாறதெண்டால் இன்வர்னஸில இருந்து வடக்கே போற ரயிலில ஃபேர்ன் ஸ்டேஷனில இறங்கலாம், ஆனா கார் இருந்தா நல்லது. முதல் நிக் தேவாலயம், பிறகு ஷாண்ட்விக் கண்ணாடிக் கூண்டு, பாலின்டோர் மண்டபம், ஹில்டன் சிற்றாலயம், கடைசியா போர்ட்மஹோமக் அருங்காட்சியகம். எல்லாம் ஒரே பகலில முடியும். மண்டபமும் தேவாலயமும் திறக்கிற நேரத்தை முதலே கேட்டு வைச்சுக்கொள்ளுங்கோ, குளிர்காலத்தில சிலது பூட்டியிருக்கும். சிற்றாலயத்துக்கு டிக்கெட் ஒண்டும் இல்லை. பின்னேரம் சூரியன் தாழேக்க போங்கோ, பக்கவாட்டு வெளிச்சத்திலதான் தாழ்வான செதுக்கல் கண்ணுக்குப் பிடிபடும். மதிய வெயிலில போனால் தட்டைக்கல்லுத்தான் தெரியும்.

---

கல்தச்சன் எழுதியது:

வெளிச்சம் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி தங்கச்சி. நாங்களும் பட்டறையில் விளக்கைச் சாய்த்து வைத்துத்தான் வேலையைச் சரிபார்ப்போம். வடகடலோடி, ஷாண்ட்விக் கல்லுக்கும் நிக் கல்லுக்கும் தனித்தனி இழை திறங்கள். நிக் சிலுவையில் உருண்டை உருண்டையாக எழும்பி நிற்கும் புடைப்புகளை எப்படி எடுத்தார்கள் என்பதைப் பற்றி எனக்கு எழுத நிறைய இருக்கிறது.